ஆட்டமும் அதைச் சொல்லும் சொல்லும்



பத்தாண்டு நிறைவு விழாவில் தமிழ் கற்பிக்கும் ஒருத்தி விளையாட்டைப் பற்றிப் பேச முன்வந்தது சிலருக்கு வியப்பளிக்கலாம். புறநானூற்றைப் படித்தவர்களுக்கு அந்த வியப்புத் தேவையில்லை. போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருத மற்போரைச் சாத்தந்தையார் பாடினார். அவனையே பாடிய நக்கண்ணையாரின் பாட்டொன்றில் ஊரார் இரு கூறாக நின்று, வென்றான் என்றும் வெல்லவில்லை என்றும் பேசிக்கொள்கிறார்கள். அங்கே வெற்றியைக் குறிக்க வரும் சொல் 'ஆடு' என்பது. ஆட்டம் முடிந்தபின் ஊர் என்ன பேசிற்று, அந்தப் பேச்சு ஆடியவனை என்ன செய்தது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். களம் மட்டும் தொலைவில் உள்ளது: கரிபியக் கடலின் கிரிக்கெட்டும் பிரேசிலின் கால்பந்தும்.

நாட்டுக்கு நாடு ஓர் ஆட்டப் பண்பாடு உண்டு என எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பிரேசிலியர் நடனமாடுவதுபோல் ஆடுவர், ஜெர்மானியர் இயந்திரம் போன்றவர், மேற்கிந்தியர் களிப்பே உருவானவர், ஆங்கிலேயர் நிதானர். இவை செய்தித்தாள்கள் பரிமாறிக்கொள்ளும் சில்லறைக் காசுகள். ஓர் இனத்தின் இரத்தத்தில் ஊறியதாகச் சொல்லப்படும் இந்த ஆட்டப் பாணிகள், பெரும்பாலும் அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதியோர் இட்ட பெயர்களே. வெற்றி நாளில் மாலையாக விழும் அந்தப் பெயரே தோல்வி நாளில் கல்லாக வந்து விழுகிறது. எழுதுவோர் கூடியுள்ள அவையில் இதைச் சொல்லாமல் வேறெங்குச் சொல்வது?

1950ஆம் ஆண்டின் பதினெட்டு நாள்களை எடுத்துக்கொள்வோம். ஜூன் 29 அன்று இலண்டன் லார்ட்ஸ் திடலில் மேற்கிந்தியத் தீவுகளின் அணி இங்கிலாந்தை 326 ஓட்டங்கள் வேறுபாட்டில் வென்றது. இங்கிலாந்து மண்ணில் அவர்கள் பெற்ற முதல் டெஸ்ட் வெற்றி அது. வென்று கொடுத்தவர்கள் இரண்டு சுழற்பந்து வீச்சாளர்கள். ஒருவர் ஜமைக்காவின் ஆல்ஃப் வாலன்டைன், வயது 20. மற்றவர் டிரினிடாடின் சன்னி ராமதீன், வயது 21. கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிய இந்தியரின் வழிவந்தவர். இந்தப் பயணத்துக்கு முன் இருவரும் ஆடிய முதல்தர ஆட்டங்கள் ஆளுக்கு இரண்டே. ராமதீனுக்குப் பிறப்புப் பதிவில் முதற்பெயர்கூட இல்லை. முன்னெழுத்து இல்லாத மனிதரை ஆங்கில ஆட்டப் பட்டியலில் எப்படி அச்சிடுவது? யாரோ 'கே.டி.' என்று இரண்டெழுத்தை ஒட்டவைத்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் புலம்பெயர்ந்து இலண்டனில் வாழ்ந்த தீவு மக்கள் திடலுக்குள் இறங்கினர். 1948இல் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பலில் வந்திறங்கிய கலிப்சோப் பாடகர் லார்ட் கிட்சனர் கையில் கிட்டாருடன் முன்செல்ல, ஊர்வலம் பிக்காடிலி வரை நீண்டது. அதே கப்பலில் வந்த லார்ட் பிகினர் அந்த வெற்றியைப் பாட்டாக்கினார். ராமதீன், வாலன்டைன் ஆகிய இரு பெயர்களையும் உலகம் இன்றும் நினைவில் வைத்திருப்பது புள்ளிவிவர ஏடுகளால் அன்று, அந்தப் பாட்டால்தான்.

அதே ஜூன் 29இல், கடலுக்கு அப்பால் பிரேசிலின் பெலோ ஓரிசோன்டே நகரில், உலகக் கோப்பைக் கால்பந்தில் இங்கிலாந்து அமெரிக்காவிடம் ஒரு கோல் கணக்கில் தோற்றது. அந்தக் கோலைத் தலையால் முட்டி அடித்தவர் அமெரிக்கர் அல்லர். எய்ட்டி நாட்டினரான ஜோ கேட்ஜன்ஸ். நியூயார்க்கில் கணக்கியல் படித்துக்கொண்டு உணவகமொன்றில் பாத்திரம் கழுவிய இளைஞர். ஒரே நாளில், இரு கண்டங்களில், பேரரசு தான் வகுத்த இரண்டு ஆட்டங்களிலும் தோற்றது. இரண்டிலும் கரிபியத் தீவினரின் கை இருந்தது, அல்லது தலை இருந்தது. ஆனால் கேட்ஜன்சைப் பாட ஒரு பாடகர் இல்லை. அவர் எய்ட்டிக்குத் திரும்பினார். 1964 ஜூலையில் டுவாலியேயின் காவற்படை அவரைப் பிடித்துச் சென்றது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

(நம் நாட்டுக் கால்பந்து அணியும் அந்த உலகக் கோப்பைக்குச் செல்லும் வாய்ப்பைப் பெற்றுச் செல்லாது விட்டது. அது தனிக்கதை.)

ஜூலை 16 அன்று ரியோவின் மாரக்கானா அரங்கில் பிரேசில் உருகுவேயைச் சந்தித்தது. சமநிலை கண்டாலே கோப்பை பிரேசிலுக்கு. நுழைவுச்சீட்டு வாங்கியோர் மட்டும் 1,73,000 பேருக்கு மேல். அன்று காலையிலேயே ஒரு நாளிதழ் வீரர்களின் படத்தை அச்சிட்டு 'இவர்களே உலக வாகையர்' என்று அறிவித்துவிட்டது. முதல் கோலை அடித்ததும் பிரேசிலே. பின்னர் ஸ்கியாஃபினோ சமன் செய்தார். ஆட்டம் முடியப் பதினோரு நிமிடம் இருக்கையில் கிஜ்ஜியா வலப்பக்கமாக ஓடிவந்தார். முதல் கோல் விழுந்தது போலவே இம்முறையும் பந்தை நடுவுக்கு அனுப்புவார் என்றெண்ணிக் கோல் காவலர் மோவாசிர் பார்போசா ஓரடி முன்நகர்ந்தார். பந்து அவருக்கும் அருகிலிருந்த கம்பத்துக்கும் இடையே புகுந்தது. அரங்கம் ஓசையற்றுப் போயிற்று. லார்ட்ஸில் பிறந்தது பாட்டு. மாரக்கானாவில் பிறந்தது வாய்திறவாமை. நம் துறைப் பெயரால் சுட்டுவதானால் ஒன்று வாகை, மற்றது கையறுநிலை. கையறுநிலையில் இறந்தவனை இழந்தோர் பாடுவர். இங்கோ உயிரோடிருந்தவனைப் பிணமாக்கிவிட்டு நாடு தனக்காக அழுதது.

இந்த இரண்டு ஆட்டப் பண்பாடுகளும் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். மேற்கிந்தியத் தீவுகள் என்றொரு நாடு உலகப் படத்தில் இல்லை. ஜமைக்கா, டிரினிடாட், பார்படோஸ், கயானா எனத் தனித்தனி நாடுகள். 1958இல் அவற்றுள் பத்துத் தீவுகளை இணைத்து ஒரு கூட்டாட்சி அமைத்தார்கள். 1962இல் அது கலைந்தது. பல்கலைக்கழகமும் கிரிக்கெட் அணியும் எஞ்சின. கால்பந்தில் அதே தீவுகள் தனித்தனிக் கொடியோடு ஆடுகின்றன: 1998 உலகக் கோப்பைக்கு ஜமைக்கா சென்றது, 2006க்கு டிரினிடாட்-டொபாகோ சென்றது. ஆக, அந்த மக்கள் ஓர் ஆட்டத்தில் ஒரு நாட்டினர், இன்னோர் ஆட்டத்தில் பல நாட்டினர். ஆட்டப் பண்பாடு இரத்தத்தில் இருப்பது உண்மையானால் இந்த விந்தை நிகழுமா?

சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1901இல் டிரினிடாடில் பிறந்தவர். எய்ட்டி அடிமைகளின் புரட்சி வரலாற்றை எழுதியவர். கிரிக்கெட்டைப் பற்றி அவர் 1963இல் வெளியிட்ட 'எல்லைக்கோட்டுக்கு அப்பால்' என்னும் நூலை, விளையாட்டில் நாட்டமில்லாத கவிஞரும் படிக்கவேண்டும் என்பேன். தம் இளமைக்கால நகரின் கிரிக்கெட் மன்றங்களை அதில் அவர் வரிசைப்படுத்துகிறார். வெள்ளையரும் செல்வருமான உயர்குடியினருக்கு ஒரு மன்றம்; கத்தோலிக்கருக்கு ஒன்று; மாநிற நடுத்தர வகுப்பினருக்கு 'மேப்பிள்'; கறுப்பு நிறத்து ஆசிரியர்களுக்கும் எழுத்தர்களுக்கும் 'ஷானன்'; கைத்தொழிலாளருக்கு 'ஸ்டிங்கோ'. தோலின் சாயல் ஒரு படி மாறினால் மன்றமும் மாறும். இந்தப் படிநிலையை நம் நாட்டவருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. புனாவில் பந்துவீச்சால் புகழ்பெற்ற பல்வங்கர் பாலுவுக்குத் தேநீர் தனி மண்குவளையில் வெளியே வைத்துத் தரப்பட்டது நம் கிரிக்கெட்டின் முதல் ஏடுகளில் ஒன்று.

ஜேம்ஸின் நூலில் என்னைக் கவர்ந்தது வேறொன்று. வில்டன் செயின்ட் ஹில் என்ற ஷானன் மட்டையாளருக்கு அவர் ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறார். அந்த மட்டையாளர் 1923 இங்கிலாந்துப் பயணத்தில் சேர்க்கப்படவில்லை. 1928இல் சேர்க்கப்பட்டபோது தோற்றுத் திரும்பினார். பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே சொல்லத்தக்க எண் எதுவும் இல்லை. எனினும் அவர் ஆடிய ஒவ்வோர் அடியிலும் எளிய மக்கள் தம் மதிப்பைக் கண்டார்கள் என்று ஜேம்ஸ் நிறுவுகிறார். அந்த மக்களின் ஆட்டத்துக்கு 'இயற்கைத் துள்ளல்' என்று பிறர் தந்த விளக்கத்தை அவர் ஏற்கவில்லை. பள்ளி, மன்றம், கூலி, அடிமை வரலாறு எனக் காரணங்களை அடுக்குகிறார். மேற்கிந்திய அணிக்குக் கறுப்பர் ஒருவர் முழுத் தொடருக்கும் தலைவராக வேண்டும் என்று அவர் தம் இதழில் போராடினார். 1960இல் ஃபிராங்க் வோரல் அந்தப் பொறுப்பை ஏற்றார். லார்ட்ஸில் வென்ற 1950 அணிக்குத் தலைவர் வெள்ளையரான ஜான் கொடார்டு என்பதை இங்கே நினைவுகூர்க. பந்து வீசலாம், ஓட்டம் குவிக்கலாம், தலைமை மட்டும் கூடாது. கிரிக்கெட்டின் பூட்டிய வாயில் அதுதான்.

பிரேசிலில் பூட்டு வேறிடத்தில் இருந்தது. 1923இல் ரியோவின் வாஸ்கோ ட காமா மன்றம் கறுப்பரையும் தொழிலாளரையும் கொண்டு நகர வாகை சூடிற்று. மறு ஆண்டே பெருங்குடி மன்றங்கள் தனி அமைப்பு ஒன்றை ஏற்படுத்தி, வாஸ்கோ தன் வீரர்கள் பன்னிருவரை நீக்கினால் சேர்த்துக்கொள்வதாகக் கூறின. வாஸ்கோ மறுத்துக் கடிதம் எழுதிற்று. இந்த வரலாற்றை 1947இல் நூலாக்கியவர் மாரியோ ஃபில்யோ என்னும் இதழாளர். ஜேம்ஸ் கரிபியத்துக்குச் செய்ததை அவர் பிரேசிலுக்குச் செய்தார் எனலாம், ஒரு வேறுபாட்டோடு. அந்நூலுக்கு முன்னுரை தந்தவர் சமூகவியலாளர் கில்பெர்டோ ஃப்ரெய்ரே. 1938லேயே அவர் பிரேசிலின் ஆட்டத்தைக் கலப்பினத்தாரின் நடனம் என்று புகழ்ந்து எழுதியிருந்தார். நல்லெண்ணத்தில் பிறந்த சொல்தான். வெள்ளைத் தோலே உயர்வு என்றிருந்த நாட்டில் அது துணிவும்கூட. ஆயினும் வெற்றியை இரத்தத்தின் கணக்கில் வரவு வைத்தால், தோல்வியை எந்தக் கணக்கில் எழுதுவது?

1950 ஜூலைக்குப் பின் நிகழ்ந்தது அதுவே. பழி விழுந்தது மூவர் மீது: பார்போசா, பிகோடே, ஜுவெனால். மூவரும் கறுப்பு நிறத்தவர், கலப்பினத்தவர். இக்கட்டில் மனம் குலைவது அந்த இனத்தின் இயல்பு என்று பேசினார்கள். நேற்று வரை நடனம் என்று போற்றப்பட்ட இரத்தம் இன்று நடுக்கம் என்று தூற்றப்பட்டது. எதிரணியை அவர்கள் பார்க்கவே இல்லையா? உருகுவேயின் தலைவர் ஒப்டூலியோ வரேலா கறுப்பினக் கலப்புடையவர். 'கறுப்புத் தலைவர்' என்பதே அவருடைய பட்டப்பெயர். பிரேசில் முதல் கோலை அடித்ததும் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு நடுவரிடம் நீளமாக வாதிட்டு, அரங்கின் ஆரவாரம் ஆறும்வரை காத்திருந்தவர் அவர்தான். அவ்வளவு நெருக்கடியில் மனம் குலையாமல் நின்ற அந்த ஒருவரே இனக் கோட்பாடு முழுவதையும் கவிழ்க்கப் போதும். அன்றிரவு அவர் வெற்றி விருந்தை விடுத்து ரியோவின் மதுக்கடைகளில் தோற்ற மக்களோடு அமர்ந்து குடித்தார் என்பது என் மனத்தை விட்டகலாத செய்தி.

மாரியோ ஃபில்யோவின் தம்பி நெல்சன் ரோட்ரீகஸ் பெரும் நாடகாசிரியர். அந்தத் தோல்விக்குப் பின் பிரேசிலியர் தம்மைத் தாமே தாழ்த்திக்கொள்ளும் மனநிலைக்கு அவர் 1958இல் 'தெருநாய் மனப்பான்மை' என்று பெயரிட்டார். சில வாரங்களில் பீலேயும் காரிஞ்சாவும் டிடியும் சுவீடனில் கோப்பையை வென்றார்கள். பழைய புகழ்ச்சிச் சொற்கள் உடனே திரும்பி வந்தன. 1970இல் மெக்சிகோவில் வென்ற அணியை இயற்கையின் கொடை என்று எழுதாதவர் இல்லை. உயரமான மலைநாட்டுக் காற்றுக்கு உடலைப் பழக்கவும் ஓட்டத் திறனை அளந்து கூட்டவும் அந்த அணி மாதக்கணக்கில் அறிவியல் முறையில் பயின்றதை எழுதியவர் சிலரே. கறுப்பரின் வெற்றி என்றால் உழைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை.

கரிபியத்திலும் இப்படித்தான். 1975-76இல் ஆஸ்திரேலியாவில் ஐந்துக்கு ஒன்று என்று தோற்றுத் திரும்பிய அணியைக் 'கலிப்சோ கிரிக்கெட்' என்ற சொல்லால் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். ஆடத் தெரிந்தவர்கள், பொறுப்பறியாதவர்கள் என்பது அதன் உட்பொருள். கிளைவ் லாயிட் நான்கு வேகப்பந்து வீச்சாளரை அடுத்தடுத்து இறக்கி வெல்லத் தொடங்கியதும் அதே எழுதுகோல்கள் 'வன்முறை' என்றெழுதின. 1980 முதல் 1995 வரை அவர்கள் எந்த டெஸ்ட் தொடரையும் இழக்கவில்லை. 1991இல் எகிறுபந்து ஓவருக்கு, ஒரு மட்டையாளருக்கு, ஒன்று என்று விதியால் கட்டுப்படுத்தப்பட்டது. களிப்பு எப்போது கொடுமையாயிற்று? அவர்கள் வென்றபோது.

பிரேசிலின் தேசியக் கலை என்று கொண்டாடப்படும் கால்பந்து 1941 முதல் 1979 வரை அந்நாட்டுப் பெண்களுக்குச் சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தது. இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் தன் திடல்களைப் பெண்களுக்கு 1921இல் மூடி, ஏறக்குறைய ஐம்பதாண்டு திறக்கவில்லை. தேசத்தின் இரத்தத்தில் ஓடும் ஆட்டம் தேசத்தில் பாதிப்பேரின் இரத்தத்தில் ஓடாது போலும்.

இனி, இரு ஆட்டங்களின் வடிவத்தைப் பற்றி ஒரு சொல். ராமதீனுக்கும் ஒரு ஜூலை 16 வந்தது. 1957இல் பர்மிங்காம் ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸில் ஏழு விக்கெட் எடுத்த அவரை, இரண்டாவதில் பீட்டர் மேயும் காலின் கௌட்ரியும் எதிர்கொண்டு 411 ஓட்டங்கள் சேர்த்தார்கள். சுழல் எத்திசை என்று புரியாத பந்துகளுக்கு மட்டையை நீட்டாமல், விக்கெட் நேருக்கு வெளியே காலை நீட்டிக் காப்பால் தடுத்தார்கள். அன்றைய விதி அதற்கு இடம் கொடுத்தது. ராமதீன் அந்த ஒரே இன்னிங்ஸில் 98 ஓவர்கள் வீசினார். இரண்டு விக்கெட்டே கிடைத்தது. பழைய அச்சம் அவர் பந்துக்கு அதன்பின் திரும்பவில்லை. ஆனால் எவரும் அவரைத் துரோகி என்னவில்லை. இங்கிலாந்தின் வடபகுதியில் மதுவிடுதி நடத்தி, 2022இல் 92 வயதில் மறையும்வரை அவர் 1950இன் பாட்டுக்குரியவராகவே வாழ்ந்தார்.

இதைக் கொண்டு கரிபிய மக்கள் இரக்கமுள்ளோர், பிரேசிலியர் இரக்கமற்றோர் என்று சொன்னால் நான் மறுக்கும் பிழையில் நானே விழுந்தவளாவேன். கிரிக்கெட்டுக்கு இரண்டாம் இன்னிங்ஸ் உண்டு, அடுத்த டெஸ்ட் உண்டு. வீழ்ச்சியையும் தாங்கிச் செல்லும் காப்பிய நீளம் அதற்கு உண்டு. கால்பந்துக்குத் தொண்ணூறு நிமிடம். அதில் கோல் காவலருக்கு ஒரு நொடி. 1994 உலகக் கோப்பையில் தன் கோலுக்குள்ளேயே பந்தைத் தட்டிவிட்ட கொலம்பியாவின் ஆந்திரேஸ் எஸ்கோபார் ஊர் திரும்பியதும் சுட்டுக் கொல்லப்பட்டார். கிரிக்கெட்டும் ஒரு நாளாகச் சுருங்கியபோது என்ன ஆயிற்று? 1996 மார்ச் 13 அன்று கல்கத்தா ஈடன் தோட்டத்தில் இருக்கைகளுக்குத் தீ வைத்தார்கள். ஆட்டம் முடியாமலே இலங்கைக்கு வெற்றி வழங்கப்பட்டது. மக்கள் மாறவில்லை. தோல்வியை ஆற்றிக்கொள்ள ஆட்டம் தந்துவந்த கால இடைவெளி மாறிவிட்டது.

பார்போசா அதன்பின் பிரேசிலுக்காக 1953இல் ஒரே ஒரு முறை ஆடினார். பிறகு பல்லாண்டுகள் மாரக்கானா அரங்கிலேயே பணியாளராக இருந்தார். 1966இல் மாரியோ ஃபில்யோ மறைந்தபின் அந்த அரங்குக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. கறுப்பு வீரர்களின் வரலாற்றை எழுதியவரின் பெயர் தாங்கிய கட்டடத்தில், அந்த வரலாற்றின் மிகப்பெரும் பழியைச் சுமந்தவர் அன்றாடம் வேலைக்கு வந்து போனார். கடையொன்றில் ஒரு தாய் தன் மகனுக்கு அவரைச் சுட்டிக்காட்டி, நாடு முழுவதையும் அழவைத்தவர் என்று சொன்னதை அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். 1993இல் தேசிய அணியின் பயிற்சி முகாமுக்குச் சென்றவரை, இராசியில்லாதவர் என்றஞ்சித் திருப்பி அனுப்பினார்கள். பிரேசிலில் மிகக் கடுமையான தண்டனை முப்பதாண்டுதான், தாமோ ஐம்பதாண்டாக அனுபவிக்கிறோம் என்பது அவருடைய புலம்பல். 2000 ஏப்ரலில் அவர் காலமானார்.

ராமதீன் பட்ட துன்பத்துக்குப் பின், 1970களில், கிரிக்கெட் தன் விதியைத் திருத்திற்று. பந்தை அடிக்க முயலாமல் காலை மட்டும் நீட்டுபவர், விக்கெட் நேருக்கு வெளியே பந்து காலில் பட்டாலும் ஆட்டமிழக்கலாம் என்றாயிற்று. பார்போசாவின் தோல்விக்குப் பின் பிரேசில் தன் சட்டையை மாற்றிற்று. அதுவரை அவர்களின் சட்டை வெள்ளை. நாட்டுக்கொடியின் நான்கு வண்ணங்களும் இடம்பெறும் புதிய சீருடைக்கு 1953இல் 'கொரேயோ தா மன்யா' நாளிதழ் ஒரு போட்டி நடத்தியது. வென்றவர் அல்டிர் கார்சியா ஷ்லே, பத்தொன்பது வயதுப் படம் வரையும் இளைஞர். இன்று உலகம் முழுவதும் அறிந்த அந்த மஞ்சள் சட்டை அவர் வரைந்தது.

ஷ்லே பின்னாளில் சிறுகதையாசிரியர் ஆனார். உருகுவே எல்லையில், ஆற்றின் இக்கரையிலுள்ள ஜாகுவாரான் அவருடைய ஊர். போர்த்துகீசியம், ஸ்பானியம் ஆகிய இரு மொழிகளிலும் எழுதினார். இரு கரைகளின் மனிதரையும் எழுதினார். தாம் ஆதரிப்பது உருகுவே அணியையே என்பதை அவர் ஒருபோதும் மறைக்கவில்லை. 2018 நவம்பர் 15இல் அவர் இறந்தார். மறுநாள் பிரேசிலும் உருகுவேயும் இலண்டனில் ஆடின.